கீபோர்டைக் கழற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

கீபோர்டில் விரலை வைத்தால் அதன் ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது. கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்தால் அங்கே மட்டும் ஒன்றும் வரவில்லை. உடனே நம்மவர்கள் செய்வது இரண்டு வேலைகள். ஒன்று, விண்டோஸை ஃபார்மேட் செய்வது. இன்னொன்று, கீபோர்டைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறுவது. பெரும்பாலும் இரண்டுமே வீண் வேலை என்பதுதான் என் கருத்து.

திருச்சுழியில் எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். சுற்று வட்டாரத் திருவிழா மேடைகளில் கீபோர்டு வாசிப்பவன். அவன் அப்பா தறி ஓட்டுகிறார். பங்குனித் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, வீட்டில் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் பதிந்து தயார் செய்ய ஒரு மிடி கேபிள் வாங்கினான். வேலை செய்யவில்லை. ஒரு கடையில் காட்டியிருக்கிறான். "போர்டு போயிடுச்சு, நாலாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். கடன் கேட்கத்தான் என் வீட்டுக்கு வந்தான். கீபோர்டையும் கேபிளையும் கொண்டு வரச் சொன்னேன். இரண்டு முனைகளையும் மாற்றிச் செருகியதும் வேலை செய்தது. ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் தெரிந்திருக்காது. சத்தம் வரவில்லை என்றால் சத்தம் சம்பந்தப்பட்ட பாகத்தில் கோளாறு என்று நினைத்திருப்பார். ஆனால் மிடி கேபிளில் சத்தமே போவதில்லை. எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற தகவல் மட்டுமே போகிறது. பாட்டை எழுதி வைத்த தாளைப் போலத்தான். பாடுவதற்கு அந்தப் பக்கம் ஒருவர் வேண்டும்.

இந்த ஏற்பாடு 1983-ல் வந்தது. சீக்வென்ஷியல் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இக்குடாரோ ககெஹாஷியும் இதற்கு முக்கியக் காரணம். 2013-ல் இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள். நம் ஊரில் 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராஜா கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தினார். ஐந்து பின் கேபிளில் விநாடிக்கு 31,250 பிட் வேகம் என்பது அன்று முதல் மாறவில்லை. ஐந்தில் இரண்டு பின்களில்தான் தகவல் போகிறது. இவ்வளவு எளிய சமாச்சாரம் சட்டென்று கெட்டுப் போகாது.

கெடுவது கேபிளின் லேபிளால்தான். கீபோர்டின் அவுட், கம்ப்யூட்டரின் இன்னுக்குப் போக வேண்டும். ஆனால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. மிடி கேபிள்களில் 'இன்' என்று எழுதியிருந்தால் அது கீபோர்டின் இன்னில் செருக வேண்டியது என்று ஒரு தயாரிப்பாளர் நினைக்கிறார். கம்ப்யூட்டருக்குள் வருவது, அதனால் கீபோர்டின் அவுட்டில் செருக வேண்டியது என்று இன்னொருவர் நினைக்கிறார். எது என்று பெட்டியில் போடுவதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. ஆகவே லேபிளை நம்பாமல் மாற்றிச் செருகிப் பாருங்கள். எதுவும் எரிந்துவிடாது.

அடுத்து, கேபிளில் விளக்கு மினுக்குகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சில கீபோர்டுகள் யாரும் வாசிக்காதபோதும் "நான் இருக்கிறேன்" என்று விடாமல் ஒரு தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். விளக்கு அதற்கும் மினுக்கும். இலவசமாகக் கிடைக்கும் மிடி-ஆக்ஸ் புரோகிராமைப் போட்டு, ஒரு கட்டையை அழுத்துங்கள். திரையில் நோட் ஆன் என்று ஒரு வரி வந்தால் கீபோர்டு, கேபிள், டிரைவர் மூன்றும் சரி. கோளாறு அதற்கு மேலே, மென்பொருளில் இருக்கிறது. வரி வரவில்லை என்றால் கீழே தேடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

பார்த்தபின் மிடி-ஆக்ஸை மூடிவிடுங்கள். பல டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமுக்குத்தான் இடம் கொடுக்கும். இதை மறந்து நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

மென்பொருளில் மிடி இன்புட்டாக உங்கள் கேபிளின் பெயர் தேர்வாகியிருக்கிறதா, டிராக்கில் ரெக்கார்டு பட்டன் அழுத்தியிருக்கிறதா, சேனல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சத்தம் தாமதமாக வந்தால் விண்டோஸுடன் வரும் ஜி.எஸ். வேவ்டேபிள் சிந்த்தை விட்டுவிட்டு, ஆசியோ டிரைவரும் ஒரு விஎஸ்டி கருவியும் போடுங்கள். பஃபர் 256 என்று வைத்தால் அந்த பஃபரால் வரும் தாமதம் சுமார் 6 மில்லி செகண்டுதான். ஒரு கட்டைக்கு இரண்டு சத்தம் கேட்டால் கீபோர்டில் லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் செய்ய வேண்டும். சற்று நேரம் வாசிக்காமல் இருந்தால் இணைப்பு அறுகிறதா? டிவைஸ் மேனேஜரில் யு.எஸ்.பி. ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். யு.எஸ்.பி. துளை உள்ள கீபோர்டாகப் பார்த்து வாங்குங்கள். பல மாடல்களில் பிரிண்டர் கேபிளே அதற்குப் பொருந்தும். ஐந்து பின் மட்டும்தான் என்றால் ரோலண்ட் யுஎம்-ஒன் போன்ற நல்ல கேபிளுக்குக் காசு கொடுங்கள். மலிவு கேபிளுக்காக இரண்டு முறை மதுரைக்குப் போய் வருவதும், அதற்காக இழக்கும் கூலியும் சேர்ந்தால் விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

யு.எஸ்.பி.யில் ஒரு குறை உண்டு. ஐந்து பின் இணைப்பில் ஆப்டோகப்ளர் இருப்பதால் இரண்டு கருவிகளுக்கும் நடுவே நேரடி மின் தொடர்பு கிடையாது. சில மலிவு கேபிள்களில் அதைச் சேர்ப்பதில்லை. யு.எஸ்.பி.யில் நேரடித் தொடர்பு இருப்பதால் ஸ்பீக்கரில் "உம்ம்" என்ற இரைச்சல் வரலாம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு எர்த்தில். அதற்காக மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்து. நம் பக்கம் சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து வெடிக்கும்போது எர்த் குழியும் காய்ந்துபோகிறது. வாரம் ஒருமுறை அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியபின் என் வீட்டில் இரைச்சல் நன்றாகக் குறைந்தது. குடிக்கிற தண்ணீருக்கே பாடாய்ப் படும்போது எர்த்துக்கு ஒரு குடமா என்று வீட்டில் திட்டு விழுந்தது. இப்போது குளித்த தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன்.