பத்து விரலில் ஒரு ஜாதகம்

நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் பின்னால் இருக்கிறது தங்கை வீடு. போன மாதம் போயிருந்தபோது சாப்பாட்டு மேசையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு புத்தகம் கிடந்தது. வழவழப்பான அட்டை. அதில் நான்கு வண்ணத்தில் ஒரு மூளை, கீழே ஆறாம் வகுப்புப் படிக்கும் அவள் பையனின் பெயர்.

"டி.எம்.ஐ.டி. எடுத்தோம் அண்ணா. பத்து விரலையும் ஸ்கேன் பண்ணி, மூளையில என்னென்ன இருக்குன்னு சொல்லிடறாங்க. படிச்சுப் பாரேன், அப்படியே நம்ம பையன்தான்."

படித்தேன். நண்பர்களோடு கலகலப்பாக இருப்பான், ஆனால் சில நேரம் தனிமையை விரும்புவான். திறமை நிறைய உண்டு, இன்னும் முழுதாக வெளிப்படவில்லை. அன்பாகச் சொன்னால் கேட்பான், அதட்டினால் முரண்டு பிடிப்பான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது: அன்பாகச் சொன்னால் முரண்டு பிடித்து, அதட்டினால் மகிழ்ந்து கேட்கும் பிள்ளை இந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறது?

தி. நகரிலும் அடையாறிலும் இந்த விரல்ரேகைப் பரிசோதனைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் படிக்காதவர்கள் இல்லை. பொறியாளர்கள், வங்கி அதிகாரிகள், ஏன், டாக்டர்களும் உண்டு. கிளி ஜோசியம் என்றால் சிரிப்பார்கள். ஸ்கேனரும் சதவீதமும் வந்துவிட்டால் சில ஆயிரம் ரூபாயை எடுத்து நீட்டுகிறார்கள். கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "பொருந்திப் போச்சே சார்!" விரல்ரேகையைவிட எனக்கு இந்தப் பதில்தான் பெரிய வியாதியாகப் படுகிறது. பொருந்திப் போவது எதற்கும் சான்று கிடையாது.

1948இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் குணச்சித்திரம் என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்: 39 பேருக்கும் போனது ஒரே தாள். கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து அவர் பொறுக்கி எடுத்த வாக்கியங்கள் அவை. எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உளவியல் முதலாண்டு மாணவர் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். பிள்ளைக்கு நல்லது செய்யத் துடிக்கும் அம்மா அப்பாவிடம் மட்டும் அது வந்து சேரவில்லை.

தங்கையிடம் இதைச் சொன்னேன். "அது அமெரிக்கா" என்றாள். சரி, அந்த மையத்தையே கேட்டுவிடலாம் என்று ரிப்போர்ட்டின் பின்னட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். "இந்த டெஸ்ட்டுக்கு வேலிடிட்டி பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "லைஃப்டைம் வேலிடிட்டி சார்! ரேகை மாறவே மாறாது. ஒரு தடவை எடுத்தாப் போதும்."

அந்தப் பெண்ணைக் கேலி செய்ய மனம் வரவில்லை. இந்த ஊரில் வேலிடிட்டி என்றால் செல்போன் ரீசார்ஜுக்கு இத்தனை நாள் என்றுதானே பொருள். ஆனால் தன்னை அறியாமல் அவர் மொத்தக் குளறுபடியையும் ஒரே வரியில் சொல்லிவிட்டார். மாறாமல் இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. பி.எட். படித்தவர்களுக்கு நம்பகம், ஏற்புடைமை என்ற இரண்டு சொற்களும் நினைவிருக்கும். திரும்பத் திரும்ப அளந்தாலும் அதே விடை வந்தால் நம்பகம். அளக்கிறேன் என்று சொன்னதைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை; நான் கேட்ட வேலிடிட்டி இதுதான்.

முன்பு ரயில் நிலையங்களில் காசு போட்டால் எடை காட்டும் இயந்திரம் இருந்தது. சக்கரம் சுற்றும், விளக்கு மினுக்கும், தடித்த அட்டையில் ஒரு சீட்டு விழும். முன்பக்கம் எடை, பின்பக்கம் பலன். 'உங்கள் நேர்மை உங்களை உயர்த்தும்' என்கிற மாதிரி ஏதாவது இருக்கும். முன்பக்கத்து எடை சரியாக இருக்கிறது என்பதற்காகப் பின்பக்கத்துப் பலனை யாரும் நம்பியதில்லை. டி.எம்.ஐ.டி.யும் அதே சீட்டுதான். முன்பக்கம் ரேகைகளை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம், நாளைக்கு எண்ணினாலும் அதுவே வரலாம். பின்பக்கம் தர்க்க அறிவு இத்தனை சதவீதம், இசை அறிவு இத்தனை சதவீதம் என்று புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை போடுகிறார்கள். அந்த இரண்டு இலக்கத்தில் மயங்கித்தான் பின்பக்கத்தையும் நம்புகிறோம்.

விரல்ரேகை பயனில்லாதது என்று சொல்லவில்லை. ஆளை அடையாளம் காண அதைவிட நல்ல வழி அரிது. உலகத்திலேயே முன்னோடியான விரல்ரேகைப் பிரிவுகளில் ஒன்று 1897இல் கல்கத்தாவில்தான் வந்தது. இன்றைக்கு ரேஷன் கடையில் கட்டைவிரல் வைக்கிறோம். ஒரு வேலைக்கு ஏற்புடையது இன்னொரு வேலைக்கும் ஏற்புடையதாகிவிடாது, அவ்வளவுதான். கதவைத் திறக்கிற சாவியைக் காதில் விட்டால் காதுதான் புண்ணாகும்.

கருவில் மேல்தோலும் நரம்பும் ஒரே புறப்படலத்திலிருந்து உருவாகின்றன, ஆகவே ரேகை மூளையின் வரைபடம் என்று ரிப்போர்ட்டின் முதல் பக்கம் ஆரம்பிக்கிறது. முதல் பாதி உண்மைதான். அதே படலத்திலிருந்துதான் தலைமுடியும் நகமும் பல்லின் எனாமலும் வருகின்றன. அப்படியானால் பாண்டி பஜார் சலூனில் வெட்டிப் போட்ட முடியைப் பார்த்து ஐ.ஐ.டி. கிடைக்குமா என்று சொல்லலாமே? டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளிடம் உள்ளங்கையில் குறுக்கே ஒற்றைக் கோடு அதிகம் காணப்படுவது மருத்துவம் அறிந்ததுதான். அந்தக் கோடு எந்தக் குறையும் இல்லாத பலருக்கும் உண்டு என்பதையும் அதே மருத்துவம் சொல்கிறது. அங்கிருந்து 'உங்கள் பையனுக்கு வணிகவியல் சரிவரும்' என்பதற்குத் தாவினால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடுகிற முடிச்சு.

ரேகையில் அறிவு தெரியுமா என்ற கேள்வியைப் பழைய காலத்திலேயே ஒருவர் கேட்டு, விடையும் கண்டுவிட்டார் என்பதுதான் வேடிக்கை. பிரான்சிஸ் கால்டன். 1892இல் விரல்ரேகை பற்றி ஒரு நூல் எழுதியவர். அறிவும் குணமும் பரம்பரையாக வருகின்றன என்று வாதாடியே வாழ்க்கையைக் கழித்த மனிதர். ரேகையில் அறிவு தெரிந்தால் அவரைவிட மகிழ்ந்திருக்கக்கூடியவர் யாரும் இல்லை. அறிவியல் மாணவர், ஓவிய மாணவர், வயலில் வேலை செய்கிறவர், மனவளர்ச்சி குன்றியோர் காப்பகத்தில் இருந்தவர் என்று பல தரப்பினரின் ரேகைகளைச் சேர்த்து ஒப்பிட்டார். சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு எதுவும் இல்லை. ஏமாற்றமாக இருந்தாலும் அதை மறைக்காமல் எழுதினார். கால்டனின் மற்றக் கருத்துகள் பலவற்றை நான் வெறுக்கிறேன். இந்த ஒரு நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

டி.எம்.ஐ.டி.யின் பெயரில் ஒளிந்திருக்கும் 'மல்ட்டிபிள் இன்டெலிஜன்ஸ்', அதாவது பலவகை அறிவு, 1983இல் உளவியலாளர் ஹாவர்ட் கார்ட்னர் எழுதிய நூலிலிருந்து வந்தது. அவர் சொன்ன அறிவு வகைகளே தனித்தனியாக இருக்கின்றனவா என்று உளவியலாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உறுதியாகாத ஒன்றை, தொடர்பே காட்டப்படாத இன்னொன்றால் அளந்தால் என்ன கிடைக்கும்? 2019இல் இந்திய மனநல மருத்துவர் சங்கம் டி.எம்.ஐ.டி.க்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. அதற்குப் பிறகும் கடைகள் மூடவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு மூக்கின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்துப் படிக்கிற 'மிட்பிரெயின்' வகுப்புகளே ஓடிய ஊர் இது.

ஒரு சோதனை ஏற்புடையதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்கு நம் நாட்டிலேயே ஓர் அழகான முன்மாதிரி உண்டு. வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகரும் பகுத்தறிவாளர் நரேந்திர தாபோல்கரும் இன்னும் இருவரும் மகாராஷ்டிரத்தில் செய்தது. படிப்பில் கெட்டிக்காரர்களான 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள், மொத்தம் 200 ஜாதகங்கள். ஜோதிடர் ஒவ்வொருவருக்கும் அவற்றிலிருந்து 40 ஜாதகங்கள். கெட்டிக்காரப் பிள்ளை எது என்று பிரித்துச் சொன்னால் போதும். 51 பேர் வாங்கிக்கொண்டார்கள், 27 பேர் விடை அனுப்பினார்கள். சராசரியாகச் சரியானது 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தால் 50 வந்திருக்கும். 2009இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வெளியானது. யார் ஜாதகம் என்று ஜோதிடருக்குத் தெரியாது, பெற்றோர் முகம் தெரியாது, முன்பணம் வாங்கியபோது பேசிய பேச்சு கிடையாது. விடையை ஒப்பிட வெளியே ஓர் உண்மை தயாராக இருந்தது. விரல்ரேகை மையத்தில் இதில் எது இருக்கிறது? ஸ்கேன் எடுக்கும் முன்பே "பையன் எதில் வீக்?" என்று ஒரு படிவம் நிரப்பச் சொல்கிறார்கள்!

"விடு அண்ணா, நல்லதுதானே எழுதியிருக்கு, என்ன கெட்டுப் போச்சு?" என்றாள் தங்கை. எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். பையனுக்கு எழுத்துகள் இடம் மாறுகின்றன. வரி தாண்டிப் போய்விடுகிறான். வாயால் கேட்டால் பிரமாதமாகச் சொல்கிறான், தாளில் எழுதச் சொன்னால் அழுகிறான். ரிப்போர்ட் என்ன சொல்கிறது? 'கினஸ்தெடிக் லேர்னர்', உடலசைவால் கற்பவன், ஆகவே உட்கார்ந்து எழுதப் பிடிக்காது. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், அசைவால் கற்பவர் என்று பிரித்து அதற்கேற்பச் சொல்லிக் கொடுத்தால் படிப்பு ஏறும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உளவியலாளர் ஹாரல்ட் பாஷ்லரும் மற்ற மூவரும் 2008இலேயே எடுத்துக்காட்டிவிட்டார்கள். அது கிடக்கட்டும். டிஸ்லெக்சியாவாக இருக்கலாமோ என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தி. நகரில்தான் இருக்கிறது, இவள் வீட்டிலிருந்து ஒரு ஆட்டோ தூரம். போகவில்லை. இப்போது போகவும் மாட்டாள்; காரணம்தான் கிடைத்துவிட்டதே. பொய்யான விடை செய்கிற கெடுதல் இது. கேள்வி கேட்கிற வாயை அடைத்துவிடுகிறது.

பூங்காவில் என்னோடு நடக்கிற ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் வேறு பக்கம் இருந்து மடக்கினார். "மனுஷ மனசைத் தெரிஞ்சுக்க ஆராய்ச்சி எதுக்கு சார்? அறுபது வருஷ அனுபவம் போதாதா?"

போதாது. இதற்குச் சாட்சி இந்தச் சென்னையிலேயே இருக்கிறது. குறைந்த வருமானம் உள்ள 452 பேரை வைத்து இங்கே தூக்கத்தைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது; 2021இல் வெளியானது. ஆய்வு நடந்த ஒரு மாதமும் அவர்களுக்குக் கணினியில் தகவல் பதியும் வேலை. கையில் கடிகாரம் மாதிரி ஒரு கருவி. இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரத்துக்குப் பக்கம்தான். புழுக்கம், கொசு, சத்தம் என்று சென்னைக்காரருக்குக் காரணம் சொல்ல வேண்டாம். ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நன்றாகத் தூங்கச் சாதனங்களும் ஊக்கமும் கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. வேலைத்திறனும் யோசிக்கும் திறனும் ஏறும் என்றுதான் நிபுணர்கள் முன்கூட்டியே கணித்திருந்தார்கள். நானும் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்போம். கண்டுகொள்ளும்படி ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் வேலையிடத்திலேயே மதியம் குட்டித் தூக்கம் போட்டவர்களிடம் வேலைத்திறன், மனநிலை, கவனம் எல்லாம் மேம்பட்டன. தூங்கிய நேரம் வேலை நேரத்தில் கழிந்தது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். குலுக்கலும் ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லாமல் இது அனுபவத்தில் தெரிந்திருக்குமா? அனுபவம் என்ன சொல்லியிருக்கும் என்று என் மாமனாரைக் கேட்டால் தெரியும். மதியம் தூங்குகிறவன் உருப்பட மாட்டான் என்பது அவர் சித்தாந்தம்.

நண்பர் விடவில்லை. "உங்க சைக்காலஜி ஆராய்ச்சியே பாதிக்கு மேல திரும்பச் செஞ்சா வரலையாமே?" உண்மைதான். 2015இல் ஒரு பெரிய ஆய்வாளர் குழு, வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. தெளிவான முடிவு மீண்டும் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டித்தான். வெட்கப்பட வேண்டிய எண்தான், மழுப்பப் போவதில்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னது யார்? உளவியலாளர்களே. தன் வீட்டுக் குப்பையைத் தானே வாசலில் கொட்டிக் காட்டினார்கள். 'நாங்கள் பார்த்த பிள்ளைகளைப் பத்து வருஷம் கழித்துத் தேடிப் போனோம், இத்தனை பேருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறோம்' என்று எழுதிய விரல்ரேகை மையம் ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

தேடிப் போக வேண்டாம், பத்து வருஷமும் வேண்டாம். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு மையங்களில் எது வேண்டுமானாலும் வரட்டும். ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படிக்கும் பத்துப் பையன்கள். படிவம் நிரப்பக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது, விரல் மட்டும். பத்து ரிப்போர்ட்டிலும் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டு, எந்த எண் யாருடையது என்ற தாளை உறையில் ஒட்டி மூன்றாவது ஆளிடம் கொடுத்துவிடுவோம். பத்து அம்மாக்களும் பத்தையும் படித்து, தன் பிள்ளை எது என்று ஆளுக்கொன்று எடுக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் சராசரியாக ஒருவருக்குச் சரியாக வந்துவிடும். ஆறு பேர் சரியாக எடுத்தால் இந்தக் கட்டுரையை இதே பத்திரிகையில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, நாகேஸ்வர ராவ் பூங்கா. காபி என் செலவு. தங்கை வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அவள் பையனும் வருவான். இன்னும் ஒன்பது பேர் வேண்டும், ஒரு மையமும் வேண்டும்.