செம்மரமும் அரக்குப் பூச்சியும்



செம்மரக் கடத்தலில் கூலிகள் கைது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு 2015 ஏப்ரல் 7 தான் நினைவுக்கு வருகிறது. திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டு 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். 2004 வரை நம் காவேரிப்பட்டினமும் தருமபுரி மாவட்டம்தானே! கட்டையை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற முதலாளி எங்கோ பத்திரமாக இருந்திருப்பார்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் செம்மரம் இயற்கையாக வளர்வதில்லை. வைரம் பாய்ந்து சிவக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சிவப்பு வேண்டுமென்றால் மரத்தைச் சாய்த்தே ஆக வேண்டும்.

இன்னொரு சிவப்பு இருக்கிறது. இலந்தை, புரசு மரங்களின் இளங்கிளைப் பட்டையில் அரக்குப் பூச்சி என்று ஒன்று ஒட்டி வாழும். குஞ்சு அரை மில்லிமீட்டர்தான். பெண் பூச்சி பட்டைக்குள் வாயை ஊன்றிவிட்டால் சாகும்வரை அந்த இடத்தைவிட்டு நகராது. சாற்றை உறிஞ்சி, உடம்பைச் சுற்றிப் பிசினைக் கக்கி மூடிக்கொள்ளும். அதுதான் அரக்கு. நம் வீட்டுப் பெண்கள் கேட்டு வாங்கும் அரக்கு நிறப் புடவைக்குப் பெயர் வந்ததும் இதிலிருந்துதான். வினாத்தாள் கட்டுக்கு நாங்கள் உருக்கி முத்திரை வைத்ததும் அரக்குதான். மாத்திரைக்கு மேல்பூச்சாகவும் ஆப்பிளுக்கு மினுமினுப்பாகவும் இன்று பயன்படுகிறது.

இதற்குக் கிளையை மட்டும் கழித்தால் போதும், மரம் மறுபடி துளிர்க்கும். அறுவடையில் பூச்சி சாகத்தான் செய்கிறது; ஆனால் குஞ்சு பொரிக்கும் கிளைகளை எடுத்து வேறு மரத்தில் கட்டினால் வம்சம் தொடரும். ஆண்டுக்கு இரண்டு போகம். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மலைமக்களுக்கு இது பழகிய தொழில். இதற்காகவே ராஞ்சியில் 1924 இலேயே ஆராய்ச்சி நிலையம் தொடங்கிவிட்டார்கள்.

ஜவ்வாது மலையிலும் சித்தேரியிலும் இதைக் கற்றுக்கொடுத்தால் என்ன? கடத்தல் கூலிக்கு இது ஈடாகாது, விலையும் ஏறி இறங்கும். சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் கையில் வேறொரு வேலை இருந்தால் இடைத்தரகரிடம் முன்பணம் வாங்காமல் இருக்கப் பத்துப் பேராவது துணிவார்கள். பிடிபட்டவர்களைச் சிறையில் போடுவதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கு இதற்குப் போதும் என்பது என் கருத்து.

என்னிடம் படித்தவர்களில் வனத்துறையிலும் வேளாண் துறையிலும் சிலர் இருக்கிறீர்கள். நம் பக்கத்து இலந்தையில் இந்தப் பூச்சி நன்றாகப் பிடிக்குமா, விதை அரக்கு எங்கே கிடைக்கும் என்று விசாரித்து எழுதுங்கள் கண்ணுகளா.