தலையை மட்டும் மாற்றினால் இந்தியச் சிப்பாய் ஆகிவிடுவானா?

மினியேச்சர் போர்விளையாட்டில் 'ஹெட் ஸ்வாப்' எனப்படும் தலைமாற்றம் மிகப் பழகிய கைவேலை. 28 மில்லிமீட்டர் அளவில் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் வீரனின் கழுத்தை மெல்லிய கத்தியால் அறுத்து, வேறொரு தலையை ஒட்டி, இடைவெளியை எப்பாக்சி புட்டியால் நிரப்பி, வண்ணம் தீட்டினால் புதியதொரு வீரன் கிடைத்துவிடுகிறான். இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் காலாட்படையினனை இந்தியனாக்கும் வழக்கமான முறையும் இதுவே: எஃகுத் தலைக்கவசத் தலை போய்த் தலைப்பாகைத் தலை வரும், முகத்துக்கு வெளிர்நிறம் போய்ப் பழுப்பு வரும். வேலை முடிந்தது என்று வண்ணத்தூரிகை கழுவப்படுகிறது.

வேலை முடியவில்லை என்பதே இங்கு வாதம். ஒரே வகைத் தலைப்பாகையை ஒட்டி 'இந்தியப் படை' என்று பெயரிடும் பழக்கம் ஒரு காலனியக் கோட்பாட்டை மேசைமீது மறுபடியும் நிறுத்துகிறது. அதைச் சுட்டிக்காட்ட வேண்டிய கல்விப்புலமோ 'பொம்மை' என்ற ஒற்றைச் சொல்லோடு விலகிக்கொள்கிறது.

முதலில் படையைப் பார்க்கலாம். அப்போரில் இந்தியப் படையின் பலம் ஏறத்தாழ 25 லட்சத்தை எட்டியது. சீக்கியர், பஞ்சாபி முஸ்லிம்கள், டோக்ராக்கள், மராத்தியர், கர்வாலிகள், கூர்க்காக்கள், மெட்ராஸ் ரெஜிமெண்டினர் என அதில் பலர் இருந்தனர். சீக்கியர் சமய நெறிப்படி தலைக்கவசத்தை மறுத்துத் தலைப்பாகையுடனே போரிட்டனர். மற்றவர்களுள் பலர் பிரிட்டிஷாரைப் போலவே எஃகுத் தலைக்கவசம் அணிந்தனர். பஞ்சாபி முஸ்லிமின் தலைப்பாகை 'குல்லா' என்னும் கூம்புத் தொப்பியைச் சுற்றிக் கட்டப்பட்டது. சீக்கியரின் கட்டு வேறு. ஒரே பட்டாலியனுக்குள் ஒரு கம்பெனி சீக்கியராகவும் அடுத்தது பஞ்சாபி முஸ்லிமாகவும் மற்றொன்று டோக்ராவாகவும் அமைவது உண்டு. இந்தியக் காலாட்படைப் பிரிகேடின் மூன்று பட்டாலியன்களில் ஒன்று பெரும்பாலும் பிரிட்டிஷ் பட்டாலியன். ஆக, ஓர் இந்திய டிவிஷனைச் சரியாக நிறுத்த வேண்டுமானால் சில உருவங்களின் தலையை மாற்றவே கூடாது.

அப்படியிருக்க, எல்லார் தலையிலும் ஒரே தலைப்பாகை ஏன்? 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதியாகவும், பின்னர் 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், 'போர்க்குணம் உள்ள இனங்கள்' வடமேற்கில்தான் உண்டு என்ற கோட்பாட்டின் பெரும் ஆதரவாளர். அக்கோட்பாட்டின் நிழலில் தென்னிந்தியர் ஆட்சேர்ப்பு சுருங்கியது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்டே கலைக்கப்பட்டது. போர் மூண்டு ஆள் போதாமல் போனபோதுதான் அது மீண்டும் எழுப்பப்பட்டுப் பர்மாவில் போரிட்டது. ராபர்ட்ஸ் வரைந்த சிப்பாயின் உருவத்தைத்தான் இன்று பொழுதுபோக்காளரின் கத்தியும் செதுக்குகிறது.

'எழுத்தாளர்' என்றால் ஆண் என்று கொண்டு, பெண்ணானால் மட்டும் 'பெண் எழுத்தாளர்' என்று அடைகொடுக்கும் வழக்கம் மொழியியல் மாணவர்க்குப் புதிதன்று. அடையின்றி நிற்பதே இயல்பு, அடை பெறுவது விலகல் என்ற கணக்கு அதில் ஒளிந்திருக்கிறது. தலைமாற்றத்தின் இலக்கணமும் அதுவே. 'வீரன்' என்றால் ஐரோப்பியன். 'இந்திய வீரன்' என்றால் அதே உடலும் ஒரு தலைப்பாகையும்.

மறுப்புகள் இரண்டு. மேசையிலிருந்து மூன்றடி தள்ளி நிற்பவர்க்கு இந்த நுணுக்கம் தெரியாது என்பது முதலாவது. மூன்றடித் தொலைவில் பொத்தானும் வார்ப்பட்டையும் மறையும்; தலையின் வடிவம் மறையாது. உருவம் யாரென்று சொல்லும் பொறுப்பு முழுவதும் அங்கே தலைக்கே வந்து சேர்கிறது. விளையாட்டுதானே என்பது இரண்டாவது. வண்ணத்தின் சாயல் தவறினால் மணிக்கணக்கில் வாதிடும் ஒரு வட்டம், சீருடையில் வரலாற்றையும் சிப்பாயில் விளையாட்டையும் பார்ப்பது நேர்மையன்று.

தலையில் இருப்பது அலங்காரம் என்று நினைப்பவர்க்கு வேலூர் ஒன்றே போதும். ஐரோப்பியத் தொப்பியை ஒத்த, தோல் குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகையை மெட்ராஸ் படைச் சிப்பாய்கள்மீது கும்பினியார் திணித்தனர். சமயக் குறிகளையும் தாடியையும் கட்டுப்படுத்தினர். 1806 ஜூலை 10 அன்று கோட்டை கிளர்ந்தெழுந்தது. கிளர்ச்சி அன்றே கொடூரமாக அடக்கப்பட்டாலும் உத்தரவு கைவிடப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். 2023இல் சீக்கிய வீரர்களுக்கெனத் தனித் தலைக்கவசம் வாங்கும் முயற்சி எழுந்தபோது சீக்கிய சமய அமைப்புகள் எதிர்த்ததும் இதே காரணத்தால்தான்.

இவ்வளவும் தலைமாற்றத்துக்கு எதிரான வாதம் அன்று. விற்பனைப் பட்டியலில் இடம்பெறாத படைகள் மேசைக்கு வர அதைவிட எளிய வழி இல்லை. வட ஆப்பிரிக்கப் போர்முனையில் காக்கி உடையும் தோள்பையும் பெரிதும் பொதுவாக இருந்ததால் பிரிட்டிஷ் உடலைப் பயன்படுத்துவதும் தகும். ஆனால் 1914இல் பிரான்சில் இறங்கிய இந்தியனின் நீண்ட குர்தா பாணி மேலாடையை அந்த உடல் தராது; அங்கே புட்டியைக் கொண்டு ஆடையையும் வடிக்க வேண்டும். எந்தப் பட்டாலியன், எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே கத்தி கழுத்தைத் தொட வேண்டும். முகங்களுக்கும் ஒரே பழுப்பு போதாது. ஒரு பிளட்டூனில் நான்கைந்து சாயலாவது வேண்டும்.

கல்விப்புலத்துக்கும் இதில் கடமை உண்டு. நினைவுச் சின்னத்தையும் திரைப்படத்தையும் பாடத்திட்டத்தில் வைக்கும் துறைகள், பிறநாட்டு இளைஞர் பலர் இந்தியச் சிப்பாயை முதன்முதலில் சந்திக்கும் இந்தச் சிற்றுருவங்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்தச் சந்திப்பில் மெட்ராஸ் சிப்பாயோ மராத்தியனோ இல்லையெனில், அவர்களை விலக்கிய குற்றத்தை ராபர்ட்ஸின்மீது மட்டும் இனிச் சுமத்த முடியாது.