ஒளித்து வைக்க வேண்டிய நோய் இல்லை இது



ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை பொங்கும்போதெல்லாம் நம் பக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பும்: "இந்தத் தண்ணிதான் புத்துநோயைக் கொண்டு வருது." அந்த அணைக்கு வரும் தென்பெண்ணை ஆற்றில் கழிவு கலப்பதைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும், விடாமல் கேட்போம். ஆனால் ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் ஏன் வந்தது என்று மருத்துவர்களாலேயே பெரும்பாலும் அறுதியிட்டுச் சொல்ல முடிவதில்லை. அப்படியிருக்க, இருபத்தெட்டு வயதுப் பெண்ணிடம் "என்ன சாப்பிட்டே, ஏன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டே" என்று விசாரிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நோயோடு பழியையும் சேர்த்து அவள் தலையில் கட்டிவிடுகிறோம்.

ஓசூர் சிப்காட்டிலும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பவர்களில் ஏராளமானோர் இருபதுகளில் இருக்கும் பெண்கள். அம்மாவை விட்டு விடுதியில் தங்கி ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள். குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் யாரிடம் சொல்வது? வலிக்கவில்லையே என்று விட்டுவிடத் தோன்றும். வலிக்காத கட்டியையும் உடனே காட்டிவிட வேண்டும், தங்கைகளே. இளம் வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் செய்தால் தெரிந்துவிடும்.

நடிகை கௌதமி 35 வயதில் தானே கையால் பரிசோதித்துத்தான் கட்டியைக் கண்டுபிடித்தார். தோற்றத்தை வைத்தே மதிப்புப் போடும் தொழில் அவருடையது. என்றாலும் அவர் ஒளிக்கவில்லை. சிகிச்சையை முடித்தார், 'லைஃப் அகெய்ன்' அறக்கட்டளையைத் தொடங்கினார், 2015இல் 'பாபநாசம்' படத்தில் மறுபடி நடிக்கவும் வந்தார்.

தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மார்பகத்தை எடுத்த பிறகு கட்டுப் பிரிக்கும் நாளில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண்கள் உண்டு. துப்பட்டாவை ஒரு பக்கமாக இழுத்து இழுத்து விட்டுக்கொள்வதும், கீமோவில் கொட்டிய முடியை விடியுமுன் தலையணையிலிருந்து பொறுக்கி மறைப்பதும் யாருக்காக? பார்க்கிற நம் கண்களுக்குப் பயந்துதான். அக்குளில் நெறிக்கட்டியை எடுத்திருந்தால் கையைத் தூக்கவே சிரமம். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு ஊர்வதுபோல மேலே மேலே ஏற்றிப் பழக வேண்டும். நேற்று எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. இன்று அதற்கு மேல் ஒரு விரற்கடை. அசெம்பிளி லைனில் நிற்கிறவளுக்கு இந்தக் கைதான் பெரிய கவலை. தன் உடம்போடு அவள் மறுபடி சிநேகமாவது அந்தச் சுவரருகேதான் தொடங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முடி திரும்ப வளரும். செயற்கை மார்பகம் வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் இருக்கலாம். அது அவள் முடிவு. ஒரு மார்பை இழந்த கண்ணகிக்குக் கல் நட்டுக் கும்பிட்ட மரபு நம்முடையது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்படி ஆனால் மட்டும் வளைகாப்புக்கு அழைக்கத் தயங்குகிறோமே!

ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். புற்றுநோய் என்றால் வழக்கமான 91 நாள் நோய்ப்படியோடு நின்றுவிடாது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து விதிப்படி சந்தா கட்டியிருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் என்ற கணக்கில் இரண்டு ஆண்டு வரை நீட்டித்துக் கொடுக்க வழியிருக்கிறது. லீவு கேட்கப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் நமக்கு எட்டாத தூரமில்லை, ஓசூர் சாலையிலேயே இருக்கிறது.

இந்த நோயைக் கடந்து வந்தவர்களும் இப்போது சிகிச்சையில் இருப்பவர்களும் எங்களுக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். தெலுங்கும் கன்னடமும் கலந்து எழுதினாலும் பரவாயில்லை, நாங்கள் படித்துக்கொள்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்