ஜிப் செய்து அனுப்பினால் மட்டும் போதுமா?

இன்டர்நெட்டில் இருந்து இலவசமாக எதையாவது டவுன்லோட் செய்யாத கம்ப்யூட்டர் உபயோகிப்பாளர் இருக்க முடியாது. ஆனால் நாம் உருவாக்கிய ஒன்றை மற்றவர்களுக்காக அப்லோட் செய்யும்போது என்ன செய்கிறோம்? போல்டர் மீது ரைட் கிளிக் செய்து, ஜிப் ஆக்கி, அப்படியே அனுப்பி விடுகிறோம். இந்தப் பழக்கத்தால் தமிழுக்கு ஏற்பட்ட நஷ்டம் அதிகம் என்பது என் கருத்து.

1990களில் எத்தனையோ பேர் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு என்கோடிங். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்த பிறகுதான் டாம், டாப் என்ற தரங்களைத் தமிழக அரசு அறிவித்தது. அதற்குள் பல எழுத்துருக்கள் வெறும் பைலாக மட்டும் கைமாறி விட்டன. உருவாக்கியவர் யார், எந்த என்கோடிங், மற்றவர் திருத்தலாமா என்று ஒரு வரிக் குறிப்பும் கிடையாது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அக்கால டாக்குமென்ட்டைத் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் டெக். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் நூத் 1978ல் உருவாக்கிய இலவச அச்சுக்கோர்ப்பு சாப்ட்வேர் இது. கணிதப் புத்தகங்களும் ஆய்வேடுகளும் பெருமளவில் இதில்தான் தயாராகின்றன. இதற்கான கூடுதல் வசதிகள் பேக்கேஜ் எனப்படும். அவற்றைச் சேமித்து வைக்கும் பொதுக் களஞ்சியத்தின் பெயர் சிடான். 1990களின் தொடக்கத்தில் இருந்து செயல்படும் இதில் இன்று 6,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் உள்ளன. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே உருவாக்கிய தமிழ் எழுத்துருவும் அங்கே இடம் பெற்றிருக்கிறது. யூனிகோட் தமிழ் பரவுவதற்கு முந்தைய வேலை அது!

சிடானுக்கு யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், கட்டணம் இல்லை. ஆனால் வரும் ஒவ்வொரு பேக்கேஜையும் தன்னார்வலர்கள் பார்த்த பிறகே சேர்க்கிறார்கள். பேக்கேஜின் பெயரில் ஒரே ஒரு போல்டர், அதற்குள் எல்லா பைல்களும், ரீட்மி பைல் ஒன்று, பிடிஎப் வடிவில் கையேடு. கம்பைல் செய்யும்போது தானாக உருவாகும் ஆக்ஸ், லாக் பைல்கள் கூடாது. (லாக் பைலில் உங்கள் கம்ப்யூட்டரின் போல்டர் பெயர்கள் கூடப் பதிவாகி இருக்கும். அதை ஊருக்கெல்லாம் ஏன் காட்ட வேண்டும்?)

"இலவசமாகத் தருகிறோம், இதற்கு இத்தனை கெடுபிடியா?" என்று சலித்துக் கொள்பவர்கள் உண்டு. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. டெக் ஒரு பைலைத் தேடும்போது பொதுவாக அதன் பெயரை மட்டுமே பார்க்கிறது, எந்த போல்டர் என்று பார்ப்பதில்லை. உங்கள் பைலுக்கு 'டெஸ்ட்' என்று பொதுவான பெயர் வைத்தால், முன்பின் தெரியாத ஒருவரின் புத்தகத்தில் அது போய்க் குறுக்கே நிற்கும். அவருக்குக் காரணமே புரியாது.

பைல் பெயர்களைத் தமிழில் வைக்க முடியாது என்பது நமக்குச் சற்று வருத்தம்தான். ஆனால் ஜிப் முறையில் யூனிகோட் பெயர்களுக்கு முறையான வழி 2006ல்தான் வந்தது. பழைய சாப்ட்வேர்களில் தமிழ்ப் பெயர் சிதைந்து விடும். எனவே பெயரை ஆங்கில எழுத்து, எண்களில் இடைவெளி இல்லாமல் வையுங்கள். கையேட்டைத் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். 2004ல் வந்த சீடெக், யூனிகோட் தமிழை நேரடியாகவே ஏற்றுக் கொள்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது லைசென்ஸ். நம்மவர்கள் அதிகம் அலட்சியம் செய்வதும் இதைத்தான். 'இலவசம்' என்று எழுதினால் போதாது. பிறர் திருத்தலாமா, திருத்தியதை வெளியிடலாமா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். லைசென்ஸ் தெளிவாக இல்லாத பேக்கேஜ், டெக் லைவ் என்ற பெரிய தொகுப்பில் சேராது. அந்தத் தொகுப்பை இன்ஸ்டால் செய்யும் பெரும்பாலோர் சிடான் பக்கம் தனியாகப் போய்ப் பார்ப்பதில்லை.

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு பாதையில் உள்ள குப்பனூரில், பத்து வருடம் கழித்து ஒரு மாணவர் உங்கள் பேக்கேஜை இறக்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். யூனிகோடும் எழுத்துருவும் மாறியிருக்கும், ஒரு எழுத்து சரியாக வரவில்லை. உங்கள் ஈமெயில் முகவரியும் அதற்குள் மாறிப் போயிருக்கலாம். லைசென்ஸ் இருந்தால் அவரே திருத்தி அனுப்பி விடுவார். இல்லாவிட்டால், திருத்தத் தெரிந்தும் அவரால் வெளியிட முடியாது.

அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஜிப் பைலை நண்பரின் கம்ப்யூட்டரில் விரித்து, கையேட்டில் உள்ள முதல் உதாரணத்தை கம்பைல் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்தாலும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே நின்று விடுகிறாரோ, அங்கே ரீட்மியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.