'சூப்பர் மச்சி' மட்டும் போதுமா?

கல்லூரிப் புகைப்படக் குழு என்றால் காட்சி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு, இல்லாவிட்டால் மெரினா. மறுநாள் மாலை ஒரு காலி வகுப்பறையில் லேப்டாப்பைச் சுற்றிப் பத்துப் பேர். படங்கள் ஒவ்வொன்றாக ஓடும். "சூப்பர் மச்சி", "செம லைட்டிங்", "என்ன லென்ஸ்டா இது?"... அவ்வளவுதான், அடுத்த படம். ஒரு படத்துக்கு ஐந்து வினாடி கிடைத்தாலே பெரிய விஷயம்.

இன்னொரு வகைக் குழுவும் உண்டு. அங்கே ஒரு சீனியர் இருப்பார். "ஹொரைசன் சாஞ்சிருக்கு", "ரூல் ஆஃப் தேர்ட்ஸ் எங்கே?", "பேக்கிரவுண்ட் சரியில்லை" என்று மூன்று வாக்கியங்கள் வைத்திருப்பார். எந்தப் படம் வந்தாலும் அந்த மூன்றில் ஒன்று விழும். புதிதாகச் சேர்ந்த ஜூனியர் இரண்டு வாரம் கேட்டுக்கொள்வார். மூன்றாவது வாரம் "இன்டர்னல் டெஸ்ட் இருக்குண்ணா" என்று நழுவிவிடுவார். அதற்குப் பிறகு அவருடைய கேமரா பையை விட்டு வெளியே வருவதில்லை.

பார்ப்பதற்கு இந்த இரண்டு குழுக்களும் எதிரெதிர் மாதிரி தெரியும். ஆனால் நோய் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் படத்தை யாரும் பார்க்கவில்லை!

ஓர் உதாரணம். காஞ்சிபுரத்திலிருந்து வரும் ஒரு மாணவி, தறிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தன் தாத்தாவைப் படம் எடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8. தாத்தாவின் முகம் பளிச்சென்று இருக்கிறது. பின்சுவரில் ஒரு காலண்டர் மங்கலாகத் தெரிகிறது. முதல் வகைக் குழு "சூப்பர்" என்று சொல்லிவிட்டு நகரும். இரண்டாவது வகைக் குழு "அந்தக் காலண்டரை கிராப் பண்ணிடு, கண்ணை உறுத்துது" என்று தீர்ப்பு சொல்லும்.

அந்தக் காலண்டருக்காகத்தான் அவர் அந்தப் படத்தையே எடுத்தார். தாத்தா நெய்வதை நிறுத்திய மாதத்தோடு அதன் தாளைக் கிழிப்பதும் நின்றுவிட்டது. யாராவது ஒருவர், "இந்தப் படத்தில் நீ எதைக் காட்ட நினைச்சே?" என்று கேட்டிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். வந்த பிறகு உண்மையான யோசனையும் சொல்லியிருக்கலாம். "காலண்டர் முக்கியம்னா எஃப்/1.8 வேண்டாம். தாத்தா அசையாம உட்கார்ந்திருக்கார். டிரைபாட் வெச்சு எஃப்/8-ல எடு. ஷட்டர் மெதுவா இருந்தாலும் பரவாயில்லை, மாதத்தின் பெயரைப் படிக்க முடியும்." இதுதான் விமர்சனம். இதைக் கேட்டுக்கொண்டு அந்த மாணவி அடுத்த சனிக்கிழமையே ஊருக்கு பஸ் ஏறலாம்.

விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படம் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்குப் புகைப்பட வரலாற்றிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ராபர்ட் ஃபிராங்க், சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். குகன்ஹைம் உதவித்தொகை பெற்று 1955-லிருந்து அந்த நாடு முழுக்கச் சுற்றிப் படம் எடுத்தார். 'தி அமெரிக்கன்ஸ்' என்ற அந்தப் புத்தகம் 1958-ல் பிரான்சிலும் 1959-ல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. 'பாப்புலர் ஃபோட்டோகிராஃபி' பத்திரிகை 1960-ல் அதற்கு விமர்சனங்கள் வெளியிட்டது. பெரும்பாலும் திட்டுதான். படம் மங்கல், கிரெயின் அதிகம், அடிவானம் கோணல், அக்கறை இல்லாத வேலை என்றார்கள். அந்தக் கோணலும் மங்கலும் எதற்காக அங்கே இருக்கின்றன என்று யோசிக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. 2009-ல் வாஷிங்டனின் தேசிய கலைக்கூடம் அதே புத்தகத்தின் ஐம்பதாவது ஆண்டை ஒட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியது.

உடனே, "பார்த்தீங்களா, எனக்கும் ஹொரைசன் சாயும், நானும் ஃபிராங்க் மாதிரிதான்" என்று கிளம்பிவிடக் கூடாது :) கதையின் மறுபாதி இன்னும் முக்கியம். அந்தப் பயணத்தில் ஃபிராங்க் எடுத்தது 767 ஃபிலிம் ரோல்கள், 27,000-க்கும் மேற்பட்ட படங்கள். அதில் ஆயிரம் சொச்சத்தை பிரிண்ட் போட்டுப் பார்த்தார். புத்தகத்தில் இடம்பெற்றவை வெறும் 83. தன் படங்களில் ஆயிரக்கணக்கானவற்றை வேண்டாம் என்று ஒதுக்கிய மனிதரிடம், அவருடைய அடிவானம் ஏன் கோணல் என்று கேட்டால் பதில் இருந்திருக்கும். நம்மூர்ப் பையனிடம் கேட்டால், "கவனிக்கலைண்ணா" என்பதுதான் பல நேரம் பதில். கேள்வி கேட்டால்தான் இந்த வித்தியாசம் தெரியும். அதனால்தான் தீர்ப்புக்கு முன்னால் கேள்வி வர வேண்டும்.

ஃபிராங்குக்கு வேறு மாதிரியான மூத்தவரும் கிடைத்தார். அவர் வாக்கர் எவன்ஸ். அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஃபிராங்குக்குத் துணை நின்றவர் அவர்தான். ஒரு சீனியர் செய்யக்கூடிய நல்ல காரியத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்?

சொல்பவருக்கு: முதலில் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். பிறகு உங்கள் கண் எங்கே போனது என்று சொல்லுங்கள். "முதல்ல அந்த வெள்ளை பக்கெட்தான் கண்ணுல பட்டுது, முகத்துக்கு அப்புறம்தான் வந்தேன்" என்றால், எடுத்தவருக்கு அது தகவல். "கம்போசிஷன் வீக்" என்றால் வெறும் மதிப்பெண். குறை சொன்னால் கூடவே வழியும் சொல்லுங்கள். ஓடும் குழந்தை மங்கலாக வந்திருந்தால் "ஷார்ப்பா இல்லை" என்று நிறுத்தாமல், "1/60 போதாது, 1/500 வெச்சுப் பாரு, ஐஎஸ்ஓ ஏறினாலும் ஏறட்டும்" என்று சொல்லலாம். பாராட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். எது நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதை மறுபடி செய்ய முடியும்.

கேட்பவருக்கு: இது இன்னும் கஷ்டம். படத்தைக் காட்டிய உடனே கதை சொல்ல ஆரம்பிக்காதீர்கள். "விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து போனேன் தெரியுமா" என்பது படத்துக்குள் இல்லை. பத்துப் பேரில் ஒருவர் கூட அந்தக் காலண்டரைக் கவனிக்கவில்லை என்றால், பத்துப் பேருக்கும் ரசனை இல்லை என்று அர்த்தமாகாது. படம் அதை இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம். மனதில் இருந்தது வேறு, சட்டத்துக்குள் வந்தது வேறு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை எடுத்தவரால் தனியாக அளக்க முடியாது. அதற்குத்தான் குழு. எல்லோரும் பேசி முடித்த பிறகு நீங்கள் பேசுங்கள். ஏற்பதும் விடுவதும் உங்கள் உரிமை. ஆனால் அன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம், ஒரு இரவு தூங்கி எழுங்கள்.

நட்பு கெட்டுவிடும் என்ற பயத்தில்தான் பலர் "சூப்பர்" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். நிஜத்தில், ஒருவருடைய படத்துக்கு ஐந்து நிமிடம் கொடுப்பதை விடப் பெரிய மரியாதை புகைப்படக் குழுவில் இல்லை. திட்டிவிட்டுப் போவதற்கும் பாராட்டிவிட்டுப் போவதற்கும் அந்த ஐந்து நிமிடம் தேவைப்படுவதில்லை.

ஒரு குழுவின் விமர்சனம் எப்படி என்று அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தாத்தாவைப் படம் எடுத்த அந்த மாணவி, அடுத்த வாரம் அதே தாத்தாவின் இன்னொரு படத்தோடு வருகிறாரா? வந்தால் அது நல்ல குழு. வராவிட்டால், அந்த அறையில் எவ்வளவு ஞானம் பேசப்பட்டிருந்தாலும் அது வீண்தான்.