தலையணைக்கு அருகே துப்பாக்கியா?



சென்ற மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையின் மூத்த தம்பதியர் என்னிடம் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். பெயரைச் சொல்லாமல் எழுத எனக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலிருந்து உள்ளே விலகிய ஒரு மனைப்பிரிவில் அவர்களுடைய தனி வீடு. சுற்றிலும் முட்செடி மண்டிய காலி மனைகள். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் பூட்டை உடைத்த நாள்முதல் இருவருக்கும் சரியான உறக்கம் இல்லை.

அந்தச் சகோதரர் கேட்டார்: "ஐயா, கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம் என்றிருக்கிறேன். நாங்கள் இரண்டு பேருமே கையாளக்கூடிய சிறிய துப்பாக்கியாகப் பார்க்கிறேன். கிறிஸ்தவன் இதைச் செய்யலாமா?"

நான் உடனே 127ஆம் சங்கீதத்தை நினைப்பூட்டினேன். கர்த்தர் காவாவிட்டால் காவலாளனின் விழிப்பு வீண் என்பதை எடுத்துச் சொல்லி, ஜெபித்து அனுப்ப எண்ணினேன். அப்போது அவருடைய மனைவி தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீங்கள் சொல்வது சரிதான் ஐயா. ஆனால் உங்கள் வீடு ஆலய வளாகத்துக்குள் இருக்கிறது. வாசலில் காவலாளி இருக்கிறார். எங்கள் வாசலில் ஒரு நாய்கூட இல்லை."

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. மற்றவருடைய பயத்துக்கு முன்பாக வசனத்தைக் கதவைப்போல் சாத்திவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் எங்களைப் போன்ற ஊழியர்களுக்கு உண்டு. ஆகவே இந்த வாரம் அந்தக் கேள்வியை அதற்குரிய மரியாதையோடு எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, அவர்களுடைய பயம் கற்பனை அல்ல. 2022 மே மாதத்தில் மயிலாப்பூரில், அமெரிக்காவிலிருந்து வீடு திரும்பிய தம்பதியர் கொல்லப்பட்ட செய்தி நம் எல்லோரையும் உலுக்கியது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியரும் அவர்களுடைய மகனும் கொல்லப்பட்டார்கள். 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே, தனியாக வசித்த முதிய தம்பதியர் அதேபோல் மாண்டார்கள். அதன்பின் கொங்குப் பகுதியில், தோட்டத்து வீடுகளில் இருப்போருக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்ற குரலும் எழுந்தது. அந்தக் குரலை நான் பரிகசிக்க மாட்டேன். அச்சத்தோடு படுத்து அச்சத்தோடு எழும்புகிறவனுக்கே அதன் பாரம் தெரியும்.

இரண்டாவது, தன்னையும் தன் துணையையும் காப்பது பாவம் அல்ல. வேதமும் தேசத்தின் சட்டமும் இதில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்பதைக் கண்டு நான் வியந்ததுண்டு. யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில், இரவில் கன்னமிடும் திருடன் அடிபட்டுச் செத்தால் அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்தபின் அப்படிச் செய்தால் பழி உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. 41ஆம் பிரிவு, சூரியன் மறைந்து மறுபடி உதிக்கும் வரையான வேளையில் வீட்டை உடைத்து நுழைவதைத் தனியே குறிப்பிட்டு, அப்போது தற்காப்பு உயிர்ச்சேதம் வரைக்கும் செல்லக்கூடும் என்கிறது. ஆனால் 37ஆம் பிரிவு எல்லையையும் வகுக்கிறது: காத்துக்கொள்வதற்குத் தேவையான அளவைக் கடந்து தீங்கு செய்யும் உரிமை ஒருவருக்கும் இல்லை. வீட்டுக்காரனின் உயிரைப் போலவே திருடனின் உயிருக்கும் தேவன் கணக்குக் கேட்கிறார் என்பதே மோசேயின் சட்டத்திலுள்ள அந்தப் பகல், இரவு வேறுபாட்டின் பொருள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் துப்பாக்கி வாங்கலாமே என்பீர்கள். சட்டம் அந்த வழியை முற்றிலும் அடைத்துவிடவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறைந்தவர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. அதன் எல்லையில் இருப்போர் ஆணையரிடமும், ஆணையரகம் இல்லாத இடங்களில் இருப்போர் மாவட்ட ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். காவல் நிலையத்தார் விசாரிப்பார்கள். உடல்நலம், மனநலம் குறித்த மருத்துவச் சான்று கேட்பார்கள். உயிருக்கு என்ன ஆபத்து என்று காட்டச் சொல்வார்கள். உரிமம் கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறைத்தண்டனை நிச்சயம் உண்டு. ஆகையால் "தெரிந்தவர் மூலம் வாங்கித் தருகிறேன்" என்று எவரேனும் சொன்னால், அன்பானவர்களே, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எது பொருத்தமானது என்பதையும் அந்தச் சகோதரர் விசாரித்து வைத்திருந்தார். கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 2014இல் பெண்களை மனதில் வைத்து 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை ஏறத்தாழ அரைக் கிலோ. கைக்கு அடக்கமானது என்றார். நான் அவரிடம் கேட்டேன்: "அதை எங்கே வைப்பீர்கள்?" அவர் சற்று யோசித்தார். துப்பாக்கியைப் பிறர் கைக்கு எட்டாதபடி பூட்டிப் பாதுகாக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு விதிகளின் நோக்கம். பீரோவில் பூட்டினால், கதவு உடைபடும் வேளையில் இருட்டில் சாவியைத் தேட வேண்டும். தலையணைக்கு அருகே வைத்தால், விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளையின் கைக்கு அது எட்டும். மேலும் உரிமம் தனி ஒருவரின் பெயரில் தரப்படுவது. கணவரின் துப்பாக்கி, தாலி கட்டிய உறவினால் மனைவியுடையதும் ஆகிவிடாது.

அதுவரை மௌனமாக இருந்த அவருடைய மனைவி அப்போது பேசினார்: "ஐயா, இவருக்கு ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது. இரவில் நான் இரண்டு முறை எழுந்து குளியலறைக்குப் போய் வருகிறேன். இவர் திடுக்கிட்டு விழித்தால், இருட்டில் நடந்து வருகிறது யார் என்று நினைப்பார்?"

நாங்கள் மூவரும் சிறிது நேரம் பேசவில்லை. என்னுடைய எல்லா விளக்கங்களையும்விட அந்தக் கேள்வி பெரியது. அவர் பயந்தது திருடனுக்கு மட்டும் அல்ல. தம்மை உயிராய் நேசிக்கும் கணவரின் நடுங்கும் கைக்கும் பயந்தார்.

அன்று மாலை நான் கெத்செமனே பகுதியைத் திரும்ப வாசித்தேன். லூக்கா 22ஆம் அதிகாரத்தில் சீஷர்களிடம் இரண்டு பட்டயங்கள் இருந்தன. அந்த இரவில் அவற்றில் ஒன்றை உருவியவர் பேதுரு என்று யோவான் எழுதுகிறார். இத்தனை ஆண்டுகள் பிரசங்கித்தும் நான் ஒன்றை அழுத்திச் சொன்னதில்லை: பேதுரு அப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுந்திருந்தான். இருட்டு, தீவட்டிகள், கூச்சல், அன்பானவரைக் காக்க வேண்டுமென்ற துடிப்பு. அவனுடைய எண்ணத்தில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பட்டயம் விழுந்தது யார்மேல்? யூதாசின்மேல் அல்ல, பிரதான ஆசாரியனின்மேலும் அல்ல. ஏவப்பட்டு வந்த ஒரு வேலைக்காரனின் காதின்மேல். சிலுவைக்குப் போகுமுன் ஆண்டவர் செய்ததாக லூக்கா எழுதும் கடைசிச் சுகமாக்குதல், தம்மைக் காக்க வந்த பட்டயம் உண்டாக்கிய காயத்தை ஆற்றியதே. நம் வீட்டில் அப்படி ஒரு பிழை நேர்ந்தால், அறுந்த காதைத் தொட்டு ஒட்டவைக்க நம்மால் ஆகுமா?

இது வெறும் பக்திக் கற்பனை அல்ல. துப்பாக்கி மலிந்த அமெரிக்காவில் ஆர்தர் கெல்லர்மன் என்ற மருத்துவரும் அவரோடு உழைத்தவர்களும் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பதோடு, அந்த வீட்டில் கொலை நிகழும் அபாயம் சுமார் 2.7 மடங்கு கூடுதலாக இருப்பது இணைந்து காணப்படுவதாக அது காட்டியது. கொன்றவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தாரும் அறிமுகமானவர்களுமே. அந்த ஆய்வை விமர்சித்தவர்களும் உண்டு. ஆயினும் தற்கொலையைப் பற்றி வந்த பல ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: மனம் இருண்ட ஒரு வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பது, அந்த வேளையைக் கடந்துவர இடம் கொடுப்பதில்லை. ஓய்வுக்குப்பின் தனிமையில் வாடும் மூத்தோர் நம் சபையில் எத்தனை பேர் என்று நான் அறிவேன். ஆகவே இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மயிலாப்பூர் வழக்கை மீண்டும் எண்ணிப்பாருங்கள். அதில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்த வீட்டின் ஓட்டுநர். விமான நிலையத்திலிருந்து அவர்களை அழைத்து வந்தவரே அவர். அப்படிப்பட்ட ஆபத்துக்கு முன்பாகப் பீரோவில் பூட்டிய துப்பாக்கி என்ன செய்யும்?

இன்னொரு வீட்டையும் நினைவுகூருங்கள். 2019 ஆகஸ்டில், தென்காசிப் பக்கம் கடையம் அருகே கல்யாணிபுரத்தில், இரவில் வீட்டு முகப்பில் அமர்ந்திருந்த சண்முகவேல் என்ற முதியவரின் கழுத்தை முகமூடி அணிந்தவன் பின்னாலிருந்து துணியால் இறுக்கினான். சத்தம் கேட்டு வெளியே வந்த அவருடைய மனைவி செந்தாமரை, கையில் கிடைத்த செருப்பையும் நாற்காலியையும் எடுத்து வீசினார். பிடி தளர்ந்ததும் கணவரும் எழுந்து நின்றார். அரிவாளோடு வந்த இருவரும் ஓடிப்போனார்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. அந்தச் சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அவர்களுக்கு வீரத்துக்கான விருது வழங்கியது. எல்லா மூத்தோரும் அரிவாளை எதிர்த்து நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாளின் கையில் வெட்டுப்பட்டது, கழுத்துச் சங்கிலியும் போயிற்று. நகை கேட்டால் நகையைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் உயிர் அதைவிட விலையேறப்பெற்றது. நான் அங்கே காண்பது வேறு. ஒருவர் எழுப்பிய சத்தம் மற்றவருக்கு உடனே கேட்டது. தம்பதியருக்கு முதற்காவல் அதுவே.

அந்த இருவரும் தனித்து நின்றார்கள். நம் சபையார் தனித்து நிற்க வேண்டுமா? நெகேமியா 4ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமின் ஜனங்கள் தேவனை நோக்கி ஜெபித்தார்கள். ஜெபித்த கையோடு இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். அவர்கள் ஆயுதம் தரித்திருந்தது மெய்தான். ஆனால் அந்த அதிகாரத்தில் ஆயுதம் பிரயோகிக்கப்பட்டதாக ஒரு வரியும் இல்லை. அவர்களைக் காத்தது ஒழுங்கு. குடும்பம் குடும்பமாக நின்றார்கள். எக்காளம் கேட்ட இடத்துக்கு எல்லோரும் ஓடிவர வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள்.

நம்மிடம் எக்காளம் இல்லை. எல்லோர் கையிலும் கைப்பேசி உண்டு. ஆகவே சபையின் முன் இவற்றை வைக்கிறேன். வண்டலூர், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம், கொளப்பாக்கம் பகுதிகளில் இருக்கும் நம் குடும்பங்கள், நான்கு நான்கு வீடாக இணைந்து, இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் மற்றவரை அழைத்து நலம் கேட்கட்டும். அழைப்பை எடுக்காத வீட்டுக்கு இருவர் சேர்ந்து நேரில் போகட்டும். வாலிபர் சங்கத்தார் மூத்தோர் வீடுகளுக்குச் சென்று இரும்புக் கதவு, தாழ்ப்பாள், வாசல் விளக்கு, கேமரா ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்து தரட்டும். அவசரத்துக்கு 100 அல்லது 112, முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். 'காவல் உதவி' செயலியை அவர்களுடைய கைப்பேசியில் நிறுவிப் பழக்கிக் கொடுக்கட்டும். வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போகட்டும். நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். வீட்டு வேலைக்கு வருவோரின் விவரங்களை வாங்கி வையுங்கள். அவர்களை மனிதராகவும் நடத்துங்கள். இவையெல்லாம் துப்பாக்கியைவிட மலிவானவை. இருட்டில் தவறான ஆளின்மேல் பாய்வதும் இல்லை.

இதற்குப் பின்னும் ஒருவர் உரிமம் கேட்பாரானால், அவரை நான் விசுவாசத்தில் குறைந்தவர் என்று தீர்க்க மாட்டேன். ஆனால் மூன்று கேள்விகளுக்குத் துணையோடு உட்கார்ந்து விடை காணும்படி வேண்டுவேன். நம் இருவருக்கும் இதில் ஒருமனம் உண்டா? நம் வீட்டில் பார்வையோ மனமோ தளர்ந்தவர், சினம் மிகுந்தவர், மது அருந்துகிறவர் எவரேனும் உண்டா? தவறாக ஒரு குண்டு பாய்ந்தால் மீதமுள்ள நாட்களை நாம் எப்படி வாழ்வோம்? அந்தத் தம்பதியர் வீட்டுக்குப் போய் இவற்றைப் பேசினார்கள். சகோதரர் விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டதாக மறுவாரம் சொன்னார். அவருடைய மனைவி என்னை நோக்கி, "இப்போது ஒன்பது மணிக்கு எங்களை யார் கூப்பிடுவார்கள் ஐயா?" என்று கேட்டார். முதல் வாரம் நானே கூப்பிட்டேன். இனி அது உங்கள் முறை.

ஜெபிப்போம்: இரவிலும் உறங்காத பிதாவே, தனித்திருக்கும் வீடுகளை நினைத்தருளும். எங்கள் பயத்தை உம்மிடத்தில் மறைக்காதிருக்கச் செய்யும். அயலாருடைய பயத்தைக் கேட்டும் கேளாதவர்போல் கடந்துபோகாதபடி எங்களைக் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்